சீட்டுக்காரரின் கட்டைவிரல்

வீட்டுக்கு மருமகளாகத் தோல் டாக்டர் ஒருத்தி வந்துவிட்டால், அந்த வீட்டு மனிதர்களுக்குச் சட்டையை மடித்துக் காட்டுவது பழக்கமாகிவிடும். முழங்கையைக் காட்டுவார்கள், பிடரியைக் காட்டுவார்கள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் காலைத் தூக்கிப் பித்தவெடிப்பைக் காட்டுவார்கள். சின்ன மருமகள் எல்லாவற்றையும் பார்ப்பாள். கையில் தட்டு இருந்தாலும் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல சித்தப்பா, ரொம்ப சூடா குளிக்காதீங்க", "ஒண்ணுமில்ல அத்தை, அந்த சோப்பை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வாள். ஒண்ணுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அவளுக்கு அந்த வீட்டில் நல்ல பேர்தான்.

கணவனின் அண்ணன் மட்டும் எதையும் காட்டியதில்லை. அவருக்குக் கார் சீட் தைக்கும் பட்டறை. ஊரில் சீட்டுக்காரர் என்றால்தான் தெரியும். புதிதாக யாராவது சீட்டாட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு வந்து இளித்தால், அவரும் விடாமல் கொஞ்ச நேரம் ஆட்டக்காரர் மாதிரியே பேசி அனுப்புவார். தம்பி மனைவிக்கு அவர் வைத்த பேர் பரு டாக்டர். "பரு டாக்டர் வர்றாங்க, எல்லாரும் முகத்தை மூடிக்கோங்க" என்று வாசலிலேயே அறிவிப்பார். வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்தக் கேலியில் விஷம் கிடையாது. அவள் முதன்முதலாக வாங்கிய பழைய காருக்கு ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து புது சீட் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அந்தக் காரின் ஓட்டுநர் சீட் ஓரத்தில் பிரிந்துகொண்டபோதுதான் அவள் பட்டறைக்குப் போனாள். அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வேலைக்காரர்களுக்கு வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். தைத்து முடித்த உறையை நுரைமேல் மாட்டுவது பெரிய காரியமில்லை. விளிம்பைச் சுருக்கமில்லாமல் பள்ளத்துக்குள் ஓட்டுவதுதான் காரியம். இடது கையால் ரெக்சினை இழுத்துப் பிடித்து, வலது கட்டைவிரலை விளிம்பின்மேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு போவார். விரல் போன வழியில் துணி வழித்துவிட்டது மாதிரிப் படியும். அவள் ரசித்துக்கொண்டு நின்றாள். விரல் அவள் பக்கம் திரும்பி வந்தபோது ரசனை நின்றுவிட்டது.

நகத்தில் ஒரு கறுப்புக் கோடு. அடியிலிருந்து நுனிவரை. நுனியில் மெலிந்தும் அடியில் அகன்றும் இருந்தது. ஒரே கறுப்பாக இல்லாமல் பழுப்பும் கறுப்புமாகக் கலங்கியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நகம் முளைக்கிற இடத்தில், தோலின்மேல், மை கசிந்த மாதிரி அந்தக் கறுப்பு வெளியே வந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, அந்த விரலைக் கொஞ்சம் காட்டுங்க."

"ஏன், விரல்ல பரு வந்திருக்கா?"

"இந்தக் கோடு எப்பலேருந்து இருக்கு?"

"யாருக்குத் தெரியும். சுத்தியல் பட்டிருக்கும். பட்டறையில இருக்கிற விரல் பின்ன எப்படி இருக்கும்?"

"அடிபட்ட கறுப்புன்னா நகம் வளர வளர மேல நகர்ந்து போயிடும் மாமா. இது அடியிலேருந்தே வருது."

அவள் கைப்பையிலிருந்து விளக்கு வைத்த லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். அவர் வேலைக்காரர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பில்லை என்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார்.

"நிறையப் பேருக்கு நகத்துல கோடு வரும் மாமா, பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா இது எனக்குச் சரியாப் படல. அடியிலேருந்து துளி எடுத்துப் பார்த்துடலாம்."

"சீட்டை வாங்கிட்டுக் கிளம்பும்மா. எனக்கு வேலை இருக்கு."

அவள் நேரே அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியான ஓரகத்தியிடம் சொன்னாள். ஓரகத்தி அதிகம் பேசாதவள். பட்டறைக்கு வரும் தொலைபேசிக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசுவது அவளுக்கு மறந்தே போயிருந்தது. "கெட்டதா இருந்தா எவ்வளவு கெட்டது?" என்று மட்டும் கேட்டாள்.

"கெட்டதா இருந்தா ரொம்பக் கெட்டதுக்கா. தோல்ல வர்ற கேன்சர்லயே மோசமானது. ஆனா இப்பவே பார்த்துட்டா விரலோட போயிடும்."

அன்றிலிருந்து அவர் சம்மதிக்கும்வரை ஓரகத்தி அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். பேசாதவளிடம் என்ன செய்வது. "வா, போய் அந்தப் பரு டாக்டர்கிட்டயே வெட்டிக்கலாம்" என்று கிளம்பி வந்தார்.

விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தில் பாதியை எடுத்து, அடியிலிருந்து ஒரு சிறு துண்டை அவளே வெட்டி அனுப்பினாள். முடிவு வந்தபோது கிளினிக்குக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. அவள் பயந்ததுதான். ஆனால் மேல்தோலைத் தாண்டி மயிரிழை அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். படிக்கிற காலத்தில் அவள் பார்த்த விரல்கள் எல்லாம் வீங்கி வெடித்து, வைத்தியம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் களிம்பு வாங்கிப் பூசி, கடைசியில் அக்குளில் கட்டியோடு வந்தவை. இவ்வளவு சீக்கிரத்தில் ஒன்றைப் பிடித்ததை அவள் பார்த்ததேயில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ஒரு மனிதர் பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனதுதான் வினையாயிற்று. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். "நல்ல வேளை மாமா, ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம்" என்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பிடித்தது எதை என்று மாமியார் கேட்க, அவள் அந்தப் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பு முகத்தை விட்டு இறங்குவதற்குள் வார்த்தை வாயை விட்டு இறங்கிவிட்டது. மாமியார் அந்த முகத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டாள். பிறகு எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்னாள்: "என் பிள்ளைக்குக் கேன்சர்னு சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னா."

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. விரலின் மேல்கணு வரைக்கும் எடுத்தார்கள். அக்குளில் சோதித்தார்கள், சுத்தமாக இருந்தது. வேறு மருந்து எதுவும் வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வீட்டில் எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். கேன்சர் என்றால் முடி கொட்டும், வாந்தி வரும், ஆள் துரும்பாக இளைப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். பார்க்க வந்த உறவுக்காரர்கள் படுக்கையைத் தேடினார்கள். சீட்டுக்காரர் வாசலில் நின்று அவர்களை வரவேற்றார். முடி அப்படியே இருந்தது. ஓய்வில் உட்கார்ந்து சாப்பிட்டதில் கன்னம்கூடப் பூரித்திருந்தது. "கேன்சர்னா இப்படியா இருக்கும்?" என்று ஒரு அத்தை கேட்டாள். நல்லெண்ணத்தோடுதான் கேட்டாள். கேள்வி அங்கேயே தங்கிவிட்டது.

கட்டு பிரித்துப் பட்டறைக்குப் போனவருக்கு விளிம்பு ஓடவில்லை. மொட்டை விரலை வைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி வைத்துப் பார்த்தார், ரெக்சின் கிழிந்தது. இடது கையால் பழகிப் பார்த்தார். சுருக்கம் விழுந்த சீட்டை ஒரு வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஒன்றும் சொல்லாமைதான் அவரைக் கொன்றது. அதன்பிறகு விளிம்பு வேலையை வேறொரு ஆளிடம் விட்டுவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தார். கடைக்கு வருகிறவர்களோடு பேசுவது வேலையாயிற்று. பேசுவதற்கு அவரிடம் ஒரே விஷயம்தான் இருந்தது.

அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர் டாக்டர். காய்ச்சல், சளி பார்க்கிறவர். கார் உள்ளே நிற்க, இவர் கதையைக் கேட்டுவிட்டுத் தன் கையை நீட்டிக் காட்டினார். ஆட்காட்டி விரல் நகத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கும் இருக்கு பாருங்க. ரொம்ப வருஷமா இருக்கு. நம்ம நிறத்துக்கு இதெல்லாம் சகஜம். இதுக்குப் போய் விரலையா வெட்டுவாங்க?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் விரலில் இருந்தது வேறு, இவர் விரலில் இருந்தது வேறு, அவ்வளவுதான். ஆனால் இவர் விரல்தான் இப்போது இல்லையே, பக்கத்தில் வைத்துப் பார்க்க.

அந்த வாரம் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். எனக்கு நிஜமாவே கேன்சர் இருந்துச்சா?"

அவள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். எடுத்த துண்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது, வேறு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பி, யாரிடம் வேண்டுமானாலும் மறுபடி பார்க்கச் சொல்லலாம் என்றாள்.

"எங்க அனுப்பினாலும் உங்க ஆளுங்கதானே பார்ப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுப்பீங்களா?"

"மாமா, விட்டிருந்தா இந்நேரம்..."

"விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? நீ பார்த்தியா? நான் பார்த்தேனா?"

 நடக்காமல் போனதை எப்படிக் காட்டுவது. செத்திருந்தால் நிரூபணம் ஆகியிருக்கும். பிழைத்தவரிடம் என்னவென்று சொல்வது.

"பரு பார்க்கிறவ பருவைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள் மாமியார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கணவன்தான் காரை ஓட்டினான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன், எந்த நெரிசலிலும் யாரையும் உரசாமல் போகத் தெரிந்தவன். "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல" என்றான் கொஞ்ச தூரம் போனபிறகு. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்திருக்கலாமோன்னு அண்ணனுக்குத் தோணுது. அவ்வளவுதான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

அவன் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்ததும் கிளம்பினான்.

ஓரகத்தி ஒருத்திதான் மறுநாள் அழைத்தாள். "எனக்கும் சேர்த்துத்தான் திட்டு. நான்தானே கூட்டிட்டு வந்தேன். காலையில எழுந்திருச்சதும் ஆரம்பிச்சிடுறார்." கொஞ்சம் நிறுத்தினாள். "திட்டட்டும். திட்டறதுக்கு ஆள் இருக்காரே." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாளாக நாளாக அந்த அழைப்பும் குறைந்தது. அவளும் அந்த வீட்டில்தானே இருந்தாக வேண்டும்.

சின்ன மருமகளுக்கு அந்தக் கேள்வி உள்ளே எங்கேயோ இறங்கிவிட்டது. வெளியே தெரியவில்லை. கிளினிக்கில் அதே நாற்காலி, அதே லென்ஸ். ஆனால் கத்தியை எடுப்பதற்குமுன் கை ஒரு கணம் நின்று யோசித்தது. முன்னெல்லாம் "எடுத்துப் பார்த்துடலாம்" என்று சொன்ன இடத்தில் இப்போது "பொறுத்துப் பார்க்கலாம்" என்று வாய் தானாகச் சொல்லியது. பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அதனால் அவளுக்கே அது நிதானம் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டு டீச்சர் ஒருத்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓட விடுகிறவள். கழுத்தில் விசிலோடேயே வந்திருந்தாள், கழற்ற மறந்துவிட்டதாம். வந்தது முகத்தில் வெயில் பட்டு வந்த திட்டுக்கு. எழுந்திருக்கும்போது, "சும்மா ஒண்ணு கேக்கறேன் டாக்டர், ஷூ கடிச்ச தழும்பு போகுமா?" என்று குதிகாலைக் காட்டினாள்.

உள்ளங்காலும் குதிகாலும் சேரும் இடத்தில் ஒரு கரும்படலம். ஓரம் ஒழுங்கில்லை. ஒரு பக்கம் கறுப்பாகவும் இன்னொரு பக்கம் சாம்பலாகவும் கரைந்திருந்தது. லென்ஸை வைத்தாள். ரேகையின் மேடுகளில் கறுப்பு ஏறியிருந்தது, பள்ளத்தில் அல்ல. அது நல்லதில்லை என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அ, ஆ தெரிந்த மாதிரித் தெரியும்.

"இதுல துளி எடுத்துப் பார்க்கணும்" என்று ஆரம்பித்தாள்.

"எடுத்தா நடக்க முடியுமா?"

"கொஞ்ச நாள் காலை ஊனக் கூடாது."

"ஐயோ டாக்டர், மாவட்டப் போட்டிக்குப் பசங்களைத் தயார் பண்ணிட்டு இருக்கேன். நான் நின்னா அவங்க உக்காந்துடுவாங்க." டீச்சர் சிரித்தாள். "கட்டாயமா இப்பவே பண்ணணுமா? காலே போயிடுமா என்ன?"

சும்மா விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் டாக்டருக்குக் கண்முன்னால் காலை ஊன்றி ஓட முடியாமல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு டீச்சர் தெரிந்தாள். எனக்கு நிஜமாவே இருந்துச்சா என்று யாரோ காதுக்குள் கேட்டார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள். "போட்டோ எடுத்து வெச்சுக்கலாம். போட்டி முடிஞ்சதும் வாங்க. ஏதாவது மாறியிருந்தா அப்ப எடுத்துக்கலாம்."

டீச்சர் கும்பிட்டுவிட்டுப் போனாள். போட்டி முடிந்தது, வரவில்லை. டாக்டருக்கு இரண்டு மூன்று தடவை ஞாபகம் வந்தது. ஒருமுறை தொலைபேசியைக் கையில்கூட எடுத்தாள். அதற்குள் வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், வைத்துவிட்டாள்.

டீச்சர் மறுபடி வந்தது வருஷம் ஒன்று தாண்டி. நொண்டிக்கொண்டு வந்தாள். குதிகாலில் கரும்படலம் மேடாகி, நடுவில் புண்ணாகி நீர் கசிந்தது. தொடை இடுக்கில் கட்டி.

"ஏன்மா வரல?"

"நீங்கதான் பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே டாக்டர். போட்டில பசங்க ஜெயிச்சாங்க, அடுத்த போட்டி வந்துச்சு, அப்புறம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. அப்படியே போயிடுச்சு." குற்றமாகச் சொல்லவில்லை. தன்மேல்தான் தப்பு என்பதுபோல் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள். நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. முடி கொட்டியது, வாந்தி வந்தது, ஆள் துரும்பாக இளைத்தாள். அது கேன்சரா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கல்வியாண்டில் அந்தப் பள்ளிக்கு வேறு விளையாட்டு டீச்சர் வந்தாள்.

டீச்சரின் கணவர் அவளுடைய கிளினிக்குக்கு வந்தது சில மாதம் கழித்து. இடுப்பில் படர்தாமரை. சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கீழே இறக்கியபிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வேற டாக்டர்கிட்டப் போயிருக்கலாம். உங்ககிட்ட நன்றி சொல்லணும்னுதான் இங்க வந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க போன இடத்துல எல்லாரும் அவளைத் திட்டினாங்க டாக்டர். படிச்சவங்கதானே, ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்கன்னு. ஒருத்தர் விடாமக் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் திட்டல. கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தா. அந்த டாக்டர் எவ்வளவு தன்மையாப் பேசினாங்க, பயமுறுத்தவே இல்லைன்னு."

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தில் இருந்தது நன்றிதான், வேறொன்றும் இல்லை. மனைவி போன வீட்டில் அந்த ஒரு நினைப்பையாவது நல்லதாக வைத்திருந்தார். அதைப் பிடுங்கினால் யாருக்கு லாபம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்குத்தான் லாபம், சும்மா இருப்பதில், என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"காலையிலும் ராத்திரியும் தடவுங்க" என்றாள். "அரிப்பு நின்னாலும் பாதியில விட்டுடாதீங்க."

அவர் கும்பிட்டார். கதவருகில் போனவரைக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னாள். அவர் புரியாமல் கழற்றினார். இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்கையும் கை நகம் பத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

அதிலிருந்து அவள் கிளினிக்கில் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டியதாயிற்று. முடி கொட்டுகிறது என்று வந்தாலும் காலைப் பார்த்தாள். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் துளி எடுத்தாள். எடுத்ததில் பெரும்பாலும் ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றும் இல்லாத ஒவ்வொருவரும் வெளியே போய் ஒரு கதை சொன்னார்கள். அவளிடம் போனால் வெட்டாமல் விடமாட்டாள் என்று பேர் வந்தது. நிஜமாகவே நோய் இருந்த ஒன்றிரண்டு பேர் அறுவை சிகிச்சை முடிந்து எங்கேயோ நன்றாக இருக்கிறார்கள், திரும்பி வரவில்லை. அடுத்த தெருவில் முகத்துக்குப் பளபளப்பு ஏற்றும் புதுக் கிளினிக் ஒன்று திறந்தது. கூட்டம் அங்கே நகர்ந்தது.

சீட்டுக்காரருக்கு இதெல்லாம் கடை முன்னால் உட்கார்ந்தபடியே காதில் விழுந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று வருகிறவர்களிடம் சொன்னார். அவர் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். தம்பி வீட்டு விசேஷம் எதற்கும் வருவதில்லை.

மழை பெய்த ஒரு சாயங்காலம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். அன்றைக்கு அவள்தான் கடைசி ஆள். அவளுக்குமுன் வந்தவர்களும் அதிகமில்லை. முகம் நிறைய முகப்பரு. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னாள்.

"எனக்கு முகத்துலதான் டாக்டர்" என்றாள் அந்தப் பெண், கடுப்போடு.

"தெரியும்மா. கழட்டு."

அந்தப் பெண் உதட்டைச் சுழித்துக்கொண்டு குனிந்து, நனைந்துபோய் இறுகியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அவள் லென்ஸைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.